இணைப்பு: போல்ட் நான்கு

என் அக்கா வீட்டுக்காரரை அலுவலகத்தில் 'தபால்' என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தேழு வருஷமாகத் தபால் பிரிவில் இருக்கிறார். வருகிற கடிதத்தை வாங்குவார், உறையைக் கிழிப்பார், முத்திரை குத்துவார், பதிவேட்டில் வரிசை எண் போட்டு எழுதுவார், அடுத்த மேசைக்கு அனுப்புவார். அதோடு அந்தக் கடிதத்துக்கும் அவருக்கும் உள்ள உறவு அறுந்தது. எழுதிக் கேட்டவருக்குக் கேட்டது கிடைத்ததா, இல்லை இன்னும் நடையாய் நடக்கிறாரா என்பதெல்லாம் அவருக்குத் தெரியவே தெரியாது.

வீட்டிலும் அதே ஆள்தான். "என்னங்க, குழாய் ஒழுகுது" என்று அக்கா சொன்னால், "சரி, குறிச்சுக்கிட்டேன்" என்பார். சொன்னபடி குறித்தும்கொள்வார். குழாய் பாட்டுக்கு ஒழுகிக்கொண்டிருக்கும். நான் அதே வீட்டின் மாடியில் இருக்கிறேன். மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. அவர் எனக்கு அத்தான், நான் அவருக்கு மச்சினி. அவரைக் கிண்டல் செய்யும் உரிமை அக்கா கல்யாணத்தன்றே எனக்கு வந்துவிட்டது. அதை நான் ஒரு நாளும் வீணாக்கியதில்லை.

அக்கா தையல்காரி. சீருடை, கோட்டு, திரைச்சீலை எதுவானாலும் தைப்பாள். அவள் மிஷின் கிடப்பது சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் உள்ள நடையில். யார் குளிக்கப் போனாலும் அவள் முழங்காலை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். வீட்டை ஒட்டி ஒரு ஷெட் உண்டு. பெரிய ஜன்னல், நல்ல வெளிச்சம். பழைய சாமான்களை ஒழித்துவிட்டு அங்கே மிஷினைப் போடுவதாக வருஷக்கணக்கில் பேச்சு. போன வருஷம் ஒருவழியாக ஒழித்தும் ஆயிற்று. மிஷின் இங்கே, வெட்டுகிற மேசை இங்கே, அலமாரி இங்கே என்று சுண்ணக்கட்டியால் சுவரில் மூன்று கோடு போட்டுவிட்டு அக்கா உள்ளே வந்தாள். மறு சனிக்கிழமை அந்த ஷெட்டில் கார் வந்து இறங்கியது.

அந்தக் காரின் பூர்வீகத்தைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த தெருப் பல் டாக்டர் வீடு மாறிப் போகும்போது, அவர் வீட்டுப் பின்பக்கம் மரத்தடியில் கிடந்தது. இரண்டே பேர் உட்காரும் பழைய ஸ்போர்ட்ஸ் கார். துணிக் கூரை இருந்ததற்கு அடையாளமாக ஓரத்தில் நாலு நூல் தொங்கியது. ஒரு காலத்தில் சிவப்பாக இருந்ததாம். நான் பார்த்தபோது துருதான் நிறம். எடுத்துக்கொண்டு போகிறவருக்குச் சும்மா தருவதாக டாக்டர் சொல்லியிருக்கிறார். ஊரார் வாயில் உள்ள சொத்தையை எல்லாம் பிடுங்கிப் போட்ட மனுஷன், தன் வீட்டுச் சொத்தையை அத்தான் தலையில் கட்டிவிட்டார்.

அத்தானோ ஸ்பேனரைக் கையால் தொட்டவர் இல்லை. சைக்கிள் செயின் கழன்றால் அந்தச் சைக்கிளை வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டே வருகிறவர். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"எலும்பு எங்க உடைஞ்சிருக்குன்னு பாக்குறதுதான் என் தொழில். இதுக்குப் படமே எடுக்க வேண்டாம் அத்தான். எல்லாம் உடைஞ்சிருக்கு."

அவர் என்னைப் பார்க்கவில்லை, அக்காவையும் பார்க்கவில்லை. காரின் விளக்கைத் தடவிக்கொண்டே பேசினார். "இருபத்தேழு வருஷமா எல்லாத்தையும் அடுத்த மேசைக்கு அனுப்பிட்டேன். ஒண்ணே ஒண்ணு, ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும் என் கையாலயே முடிச்சுப் பாக்கணும். அவ்வளவுதான்."

அக்கா தன் சுண்ணக்கட்டிக் கோடுகளை ஒரு தடவை பார்த்தாள்.

"ஒரு வருஷம். அடுத்த வருஷம் இதே தேதிக்குள்ள என்னை இதுல உக்கார வச்சு இந்தத் தெருக்களை ஒரு சுத்துச் சுத்தி வரணும். வந்துட்டா ஷெட்டு உங்களுக்கு. இல்லேன்னா பழைய இரும்புக்காரர் வந்து இதை ஏத்திக்கிட்டுப் போவார், ஷெட்டு எனக்கு. சரியா?"

"சரி, குறிச்சுக்கிட்டேன்" என்றார் அத்தான்.

முதல் வேலையாகப் பக்கத்து இருக்கையைக் கழற்ற ஆரம்பித்தார். எலி கடித்துப் பஞ்சு வெளியே வந்திருந்த அந்த இருக்கையைப் பார்த்துத்தான் அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தாள். அதைப் பிடித்திருந்தவை நான்கே நான்கு போல்ட்கள். அவற்றைக் கழற்ற மூன்று நாள் பிடித்தது. முதல் நாள் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகினார். தெருமுனை மெக்கானிக் அந்தப் பக்கம் வந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, "சார், அது இறுக்குற பக்கம்" என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டாம் நாள் எண்ணெய் ஊற்றி ஊறப்போட்டார். மூன்றாம் நாள் நான்காவது போல்ட் கழன்றபோது அத்தான் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எங்கள் இருவரிடமும் காட்டினார்.

அப்புறம் செய்தார் பாருங்கள் ஒரு காரியம். கடையிலிருந்து நீளமான புதுப் பதிவேடு ஒன்று வாங்கி வந்து கோடு போட்டார். வரிசை எண், தேதி, விவரம், குறிப்பு. முதல் வரியில் அழகான கையெழுத்தில் எழுதினார்: 'வரிசை எண் 1. இருக்கை ஒன்று. இணைப்பு: போல்ட் நான்கு.'

"போல்ட்டுதானே அத்தான் முதல்ல வந்துச்சு?"

"அசல்தான் முதல்ல. இணைப்பு எப்பவும் அசலோடதான் போகும்" என்றார். இதில் எல்லாம் அவரோடு வாதாட முடியாது.

அந்த வாரமே அக்காவின் தையல் முக்காலிக்குக் கால் உடைந்தது. ஷெட்டு வாசலில் கிடந்த வரிசை எண் 1-ஐ அவள் இழுத்து வந்தாள். எலி கடித்த பஞ்சைப் பிடுங்கிப் போட்டுப் புதுப் பஞ்சு வைத்து, மீந்துபோன நீலத் திரைத்துணியில் உறை தைத்து மாட்டி, மரப்பெட்டி ஒன்றின் மேல் ஏற்றி உட்கார்ந்துகொண்டாள். சாய்ந்து உட்காரச் சுகமாக இருந்தது, முதுகு வலியும் குறைந்தது. அன்றிலிருந்து அதில்தான் தையல். அத்தான் தினமும் இரண்டு வேளை அதைத் தாண்டித்தான் குளிக்கப் போனார். ஒரு நாளும் அவர் கண்ணில் படவில்லை. எனக்குத் தெரியும், நான் வாயைத் திறக்கவில்லை. மச்சினிக்கு இந்த அளவுக்காவது உரிமை வேண்டாமா?

அடுத்த ஒன்பது மாதம் அத்தான் கழற்றினார். வேறு சொல் இல்லை. கதவு, கண்ணாடி, விளக்கு, குழாய், கம்பி, ஸ்பிரிங். சிறியதை உறையில் போட்டு எண் எழுதினார், பெரியதில் நூலால் சீட்டுக் கட்டினார். உறைகளைச் சுவரில் ஆணி அடித்து வரிசையாகத் தொங்கவிட்டார். துருவைக் கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் தேய்த்துத் தேய்த்து அவர் காதுமடல்கூடச் சிவந்துபோயிற்று. சாப்பிட உட்கார்ந்தால் துரு வாசனை. அக்காவின் வெள்ளை நூல்கண்டில் ஒரு விரல் ரேகை விழுந்து, அன்றைக்கு வீட்டில் பெரிய சண்டை.

ஒரு நாள் தரை எப்படி இருக்கிறது என்று பார்க்கத் திருப்புளியால் தட்டினார். திருப்புளி மறுபக்கம் போய் விழுந்தது. "தரை எங்கே அத்தான்?" என்று கேட்டேன். "இருந்துச்சு" என்றார். வெல்டிங்காரர் வந்து இரண்டு நாள் இருந்து புதுத் தகரம் வைத்துக் கொடுத்தார். மற்றபடி எல்லாம் அவர் கைதான். பட்டி பார்த்தது, வண்ணம் அடித்தது, வண்ணம் வழிந்து காய்ந்ததும் அதைத் தேய்த்துவிட்டு மறுபடி அடித்தது, எல்லாமே. மூன்றாவது தடவை பரவாயில்லை என்று சொல்லும்படி இருந்தது. பக்கத்தில் போய்ப் பார்க்காமல் இருந்தால் நன்றாகவே இருந்தது.

எஞ்சின் அசையாமல் இறுகிக் கிடந்தது. அதற்குள் எண்ணெய் ஊற்றி ஐந்து வாரம் ஊறப்போட்டார். தினமும் காலையில் அலுவலகம் கிளம்புமுன் நீள ஸ்பேனரை மாட்டி ஒரு இழு. அசையாது. சட்டையைச் சரிசெய்துகொண்டு கிளம்பிவிடுவார். ஒரு வியாழக்கிழமை அது இரண்டு விரல் அளவுக்கு நகர்ந்தது. அத்தான் நடையில் ஓடி வந்தார். அக்கா பழக்கத்தில் முழங்காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். அவர் குளியலறைக்குப் போகவில்லை, அவள் முன்னாலேயே நின்றார்.

"சுத்துது" என்றார். அன்றுதான் இருபத்தேழு வருஷத்தில் முதல் தடவையாக அலுவலகத்துக்குத் தாமதமாகப் போனார்.

பத்தாவது மாதம் மாட்டுகிற வேலை தொடங்கியது. அப்போதுதான் குட்டு வெளிப்பட்டது. மெக்கானிக்கை ஒரு யோசனை கேட்க அழைத்திருந்தார். மெக்கானிக் சுவர் முழுக்கத் தொங்கும் உறைகளைப் பார்த்து அசந்துபோனார்.

"சார், எங்க கடையில இப்படி வச்சிருந்தா நான் எங்கேயோ போயிருப்பேன்! சரி, இந்த முன்சக்கரத்துக்கான போல்ட்டைக் கொடுங்க."

அத்தான் பதிவேட்டைப் புரட்டினார். புரட்டிக்கொண்டே இருந்தார். மெக்கானிக் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார். 'வரிசை எண் 211. போல்ட், பெரியது, மூன்று.' 'வரிசை எண் 212. போல்ட், பெரியது, இரண்டு.' 'வரிசை எண் 213. வளையம், துருப்பிடித்தது.'

"எங்கேருந்து கழட்டினீங்கன்னு எழுதலையா சார்?"

"என்னைக்கு வந்துச்சுன்னு எழுதியிருக்கேன்."

மெக்கானிக் சிரிப்பை அடக்க எவ்வளவோ முயற்சி செய்தார், முடியவில்லை. அறுநூற்றுப் பதினேழு உருப்படிகள். ஒவ்வொன்றும் என்று வந்தது, எத்தனை, என்ன நிலைமை என்று துல்லியமாக இருக்கிறது. அது காரில் எந்த இடத்துக்குப் போக வேண்டும் என்பது ஒன்றில்கூட இல்லை. இருபத்தேழு வருஷம் அப்படித்தானே எழுதிப் பழக்கம்? கடிதம் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பது அடுத்த மேசையின் பாடு.

"போன்லயாவது படம் எடுத்து வச்சிருக்கலாம்ல அத்தான்?" என்றேன்.

"படத்துக்கு எப்படி வரிசை எண் போடுறது?" என்றார். அதைச் சொன்ன குரலைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

நான்கு நாள் அவர் ஷெட்டில் கவிழ்த்த வாளியின் மேல் சும்மா உட்கார்ந்திருந்தார். கெடுவுக்கு ஏழு வாரம்தான் பாக்கி. ஐந்தாம் நாள் அக்கா டீ கொண்டுபோனாள். பின்னாலேயே நானும் போனேன். அவள் டீயை வைத்துவிட்டுப் பதிவேட்டை எடுத்தாள். வழக்கப்படி முன்னாலிருந்து புரட்டவில்லை. கடைசிப் பக்கத்தைத் திறந்தாள்.

"கடைசியா எதைக் கழட்டினீங்க?"

"அறுநூத்திப் பதினேழு. எஞ்சின் அடியில ஒரு தாங்கி."

"அதை மாட்டுங்க. அப்புறம் அறுநூத்திப் பதினாறு. பழைய கோட்டைப் பிரிச்சு அளவு மாத்தும்போது நான் அப்படித்தான் பண்ணுவேன். கடைசியா பிரிச்சதை முதல்ல தைப்பேன். நீங்க வரிசையாத்தானே எழுதியிருக்கீங்க? ஒண்ணுகூட விட்டுப்போகலைல?"

"என் பதிவேட்டுல விட்டுப்போகுமா?" என்று ரோஷத்தோடு கேட்டார் அத்தான். கேட்ட பிறகுதான் அவள் சொன்னது அவருக்கு உறைத்தது. பதிவேட்டைப் பின்னாலிருந்து படிக்கலாம் என்பதே அவருக்குப் புதுச் செய்தி. அந்த வேலையைத் தணிக்கைக்காரர்கள் மட்டும்தான் செய்வார்கள் என்று நினைத்திருக்கிறார்.

வெளியே வந்ததும் அக்காவைப் பிடித்துக்கொண்டேன்.

"உனக்கென்ன பைத்தியமாக்கா? இன்னும் ஏழு வாரம் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா ஷெட்டு உன்னது. காலம் பூரா இந்த நடையிலேயே முழங்காலை மடக்கிக்கிட்டு உக்காந்திருக்கப் போறியா?"

"அந்த மனுஷன் மூஞ்சியைப் பாத்தியாடி?" என்றாள் அக்கா. "எனக்கு ஒரு நாளைக்கு நாலு உருப்படி முடியுது. தைச்சு முடிச்சு, நூலைக் கடிச்சுத் துப்பி, உதறிப் பாக்குறேன். அவருக்கு அது ஒரு தடவைகூட நடந்ததில்லை."

எனக்கு அவள் மேல் கோபம் தீரவில்லை. அந்தச் சுண்ணக்கட்டிக் கோடுகள் என் கண்ணிலேயே நின்றன.

ஏழு வாரமும் அத்தான் பின்னோக்கியே வாழ்ந்தார். அலுவலகம் விட்டு வந்ததும் பதிவேட்டை விரித்து, உறையை இறக்கி, உறுப்பை மாட்டி, குறிப்புப் பத்தியில் 'முடிந்தது' என்று எழுதினார். அந்தச் சொல்லை எழுதும்போது பேனாவைக் கொஞ்சம் அழுத்துவார். நடுவில், முன்பு ஒரு மாதக் கடைசியில் அலுவலக வேலை நெருக்கியபோது ஞாபகத்திலிருந்து எழுதியிருந்த பக்கம் ஒன்று வந்து காலை வாரியது. அதில் கைபிரேக்கை மூன்று தடவை மாட்டிக் கழற்ற வேண்டியிருந்தது. கெடுவுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது எஞ்சின் இருமி, புகைந்து, ஓடியது. தெரு முழுக்க ஜன்னல்கள் திறந்தன. மெக்கானிக் ஸ்பேனரோடு ஓடி வந்து, செய்ய வேலை ஒன்றும் இல்லாமல் கைதட்டிவிட்டுப் போனார்.

கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே வரிசை எண் 2 வரை முடிந்துவிட்டது. அத்தான் பக்கத்தைத் திருப்பி, முதல் வரியைப் படித்தார். 'இருக்கை ஒன்று. இணைப்பு: போல்ட் நான்கு.' இணைப்பு மட்டும் உறையில் பத்திரமாகத் தொங்கியது. அசலைக் காணோம்.

ஷெட்டில் தேடினார். மொட்டை மாடியில் தேடினார். என்னிடம் வந்து, "நீ பாத்தியா?" என்று கேட்டார். முகம் வெளுத்திருந்தது. தபால்காரர் கையில் முதல் தபாலே தொலைந்தால் எப்படி இருக்கும்? நான் ஒன்றும் சொல்லவில்லை. இது அக்கா கையில் இருந்த கடைசிச் சீட்டு. அவளாக இறக்க வேண்டும், இல்லையென்றால் வைத்துக்கொள்ள வேண்டும். பொழுது சாயும்வரை தையலை நிறுத்தாமல் இருந்தாலே போதும், ஷெட் அவளுடையது. யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது. உள்ளுக்குள் நான் அதைத்தான் வேண்டிக்கொண்டிருந்தேன்.

அத்தான் நடைக்கு வந்தார். அக்கா ஒரு கோட்டுக்கு விளிம்பு அடித்துக்கொண்டிருந்தாள்.

"இங்க பாரு, அந்த இருக்கையைக் காணோம்" என்றார். "எல்லாம் முடிஞ்சுது. அது ஒண்ணுதான் பாக்கி."

அக்கா விளிம்பை முடித்தாள். நூலைக் கடித்துத் துப்பினாள். கோட்டை ஒரு உதறு உதறி மடித்து வைத்தாள். பிறகு எழுந்து, தான் உட்கார்ந்திருந்ததைக் காலால் அவர் பக்கம் தள்ளினாள்.

அத்தான் நீல உறையைத் தூக்கிப் பார்த்தார். அடியில் அவர் கையால் கட்டிய சீட்டு: 1. வருஷம் முழுக்க அதைத் தாண்டித்தான் போயிருக்கிறார். அவர் அக்காவையும் பார்த்தார், அவள் முதுகுக்குப் பின்னால் இருந்த குறுகலான சுவரையும் பார்த்தார். அந்த நடையை அன்றுதான் முதல் தடவையாகப் பார்க்கிறவர் மாதிரி இருந்தது.

நான்கு போல்ட்களையும் மாட்டப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அக்கா ஏறி உட்கார்ந்தாள். கார் கிளம்பியது. நான் கூடவே வேகமாக நடந்தேன். அதன் வேகம் அவ்வளவுதான். முதல் திருப்பம், இரண்டாம் திருப்பம். மூன்றாவது திருப்பத்தில், மருந்துக்கடை எதிரே, செருமிவிட்டு நின்றுபோயிற்று. அத்தான் இறங்கி எஞ்சின் மூடியைத் திறந்தார். கடைக்காரர், "மெக்கானிக்கைக் கூப்பிடவா?" என்று கேட்டார். அத்தானுக்கு அது காதில் விழவில்லை. பெட்ரோல் வடிகட்டியைக் கழற்றி, ஊதி, கைக்குட்டையால் துடைத்து மாட்டினார். சைக்கிள் செயினைக் கண்டு பயந்த மனுஷன்! அக்கா இறங்கவே இல்லை. நேராக முன்னால் பார்த்தபடி, மடியில் கைகோத்து உட்கார்ந்திருந்தாள். பந்தயப்படி அவள் உட்கார்ந்திருக்க வேண்டும். கார் மறுபடி கிளம்பி வீட்டு வாசலில் வந்து நின்றது.

"ஷெட்டுல விடுங்க" என்றாள் அக்கா. "ஜெயிச்சுட்டீங்கல்ல."

அத்தான் ஷெட்டில் விடவில்லை. வெளிச்சுவர் ஓரமாக நிறுத்தித் தார்ப்பாயைப் போட்டு மூடினார். பிறகு உள்ளே போய், "அந்தப் பக்கம் பிடி" என்று என்னைக் கூப்பிட்டார். நானும் அவருமாகத் தையல் மிஷினைத் தூக்கி ஷெட்டுக்குக் கொண்டுபோனோம். எங்கே வைப்பது என்று கேட்க வாயெடுத்தேன். அப்போதுதான் சுவரைக் கவனித்தேன். அறுநூறு உறையும் இறங்கி, ஆணிகள் மட்டும் வரிசையாக நின்றன. மூன்று சுண்ணக்கட்டிக் கோடும் அப்படியே இருந்தன. ஒரு வருஷம் அத்தனை நெருக்கடியிலும் அந்த மூன்று இடத்தில் மட்டும் அவர் ஒரு ஆணிகூட அடிக்கவில்லை. எக்ஸ்ரே எடுக்கிற எனக்கு இது கண்ணில் படாமல் போயிற்றே என்று வெட்கமாக இருந்தது.

அக்கா ஜன்னல் வெளிச்சத்தில் மிஷின் முன்னால் நின்றாள். கண் கலங்கியிருந்தது, அதை மறைக்கவும் இல்லை. "உக்கார ஒண்ணும் இல்லையே" என்றாள்.

அத்தான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பத்து நிமிஷத்தில் நீல இருக்கையோடு திரும்பி வந்தார்.

அன்றிலிருந்து அது வாரத்தில் ஆறு நாள் ஷெட்டில், ஒரு நாள் காரில். ஞாயிறு காலையில் நான்கு போல்ட்டை மாட்டுவார், இரண்டு பேரும் ஒரு சுற்றுப் போய் வருவார்கள், திரும்பியதும் கழற்றுவார். வேறு இருக்கை ஒன்று செய்துகொண்டால் என்ன என்று கேட்டேன். இருவரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

போன வாரம் அந்தப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். அறுநூற்றுப் பதினாறு வரிகளுக்கு எதிரே 'முடிந்தது' என்று அழுத்தி எழுதியிருக்கிறார். முதல் வரிக்கு எதிரே மட்டும் தேதி தேதியாக, 'போனது', 'வந்தது' என்று எழுதி எழுதி இடம் போதாமல், தனித்தாள் ஒட்டி வைத்திருக்கிறார்.